காப்பீட்டு அட்டை இருந்தும் கவுன்ட்டரில் பணம் கேட்டால்

"கார்டு அப்ரூவ் ஆயிடுச்சுண்ணா, ஆனா நல்ல ஸ்டென்ட் வைக்கணும்னா 45,000 தனியா கட்டணும்." போன ஆடியில் வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டரில் இதைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற என் அக்கா கழுத்துச் செயினைத் தடவ ஆரம்பித்தாள். (ஸ்டென்ட் என்றால் இதய ரத்தக்குழாயின் அடைப்பை விரிக்க உள்ளே வைக்கிற சின்னக் குழாய்.) மனசு அதற்குள் அடகுக் கடைப் படியேறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே மாமா ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருக்கிறார், அந்த நேரத்தில் யாருக்கும் சட்டம் பேசத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. ஏதோ பழக்க தோஷத்தில், "சரிம்மா, ஸ்டென்ட்டுக்குன்னு எழுதி ரசீது கொடுத்துடுங்க" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பொண்ணு உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது, எழுந்து போனது, இருபது நிமிடம் கழித்து வந்து, "டாக்டர்கிட்ட பேசிட்டேண்ணா, இப்ப எதுவும் கட்ட வேணாம்" என்றது.

அதற்கு முன்பே இரண்டு தடவை பணம் கட்டியிருந்தோம். மருந்துக்கென்று 8,000 ஜிபேயில், "மத்த செலவு" என்று 6,000 ரொக்கமாக. புகார் கொடுத்த பிறகு அந்த 8,000 திரும்பி வந்தது. 6,000 வரவே இல்லை. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நோயாளி, ஒரே வாரம். ஒன்றுக்குத் தடயம் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி விவகாரம் என்றாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது, அதற்கு முன்பு 2009-லிருந்து கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. இன்றைக்கும் நம்ம ஜனங்கள் பாதிப் பேர் எந்த ஆட்சியானாலும் "கலைஞர் காப்பீடு" என்றுதான் சொல்வார்கள், கவுன்ட்டரிலும் அது புரியும். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது, இப்போது வருடத்துக்கு 1,20,000. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ கையெழுத்துப் போட்ட வருமானச் சான்று, இந்த மூன்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அட்டை செல்லும், அதனால் கல்யாணமாகி வந்த மருமகள் பெயரையும் புதிதாகப் பிறந்த பிள்ளை பெயரையும் முதலில் ரேஷன் கார்டில் ஏற்றுங்கள். நான் பார்த்தவரை நிறைய கேஸ்கள் சிக்குவது இங்கேதான், நோயிலோ பணத்திலோ இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வேலை செய்பவர்களுக்கும் உரிய சான்று இருந்தால் இடம் உண்டு, கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாக்காரப் பையன்களுக்கு இது தெரிவதே இல்லை, தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் வழியே வேறு, கே.கே. நகர் அல்லது அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பெரும்பாலும் அட்டைக்கு ஓடுகிறோம். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் லீவு போட்டு எடுத்து வைத்துவிடுங்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்தது எந்த ஆஸ்பத்திரி என்பது. வாசலில் திட்டத்தின் போர்டு மாட்டியிருப்பதை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். ஒரு மருத்துவமனையைப் பட்டியலில் சேர்க்கும்போது மொத்தமாகச் சேர்ப்பதில்லை, எந்தெந்தச் சிகிச்சைக்கு என்று பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு, "இந்த ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷனுக்குக் கார்டு செல்லுமா" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இந்த எண்ணை போனில் போட்டு வையுங்கள், கீழேயும் தேவைப்படும். அப்புறம் ஒரு விஷயம், ஓமந்தூரார், ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை எல்லாவற்றிலும் இதே அட்டை செல்லும். அரசு ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் இலவசமாச்சே, அட்டை எதற்கு என்று கேட்பார்கள். காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும், அதனால் அங்கேயும் கொடுங்கள். கிண்டியில் 2023-ல் திறந்ததைப் பலர் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, தனியாருக்கு ஓடுவதற்கு முன்பு ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

சேர்த்ததும் காப்பீட்டுத் தரப்பு ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரியுங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தொடர்பு அலுவலர் உண்டு, அரசு மருத்துவமனையில் வார்டு மேனேஜர் என்பார்கள். ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரி ஏற்றும், அங்கே ஒரு டாக்டர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். அவசரம் என்றால் போனிலேயே ஒப்புதல் கேட்க வழி இருக்கிறது, "அப்ரூவல் வர மூணு நாளாகும், அதுவரைக்கும் கட்டுங்க" என்று உயிருக்குப் போராடுகிறவர் விஷயத்தில் சொன்னால் அங்கேயே இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். ஒப்புதல் வந்ததும் எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகைக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்குப் பெயர் பேக்கேஜ். படுக்கை, ஆபரேஷன் தியேட்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், மருந்து, உள்ளே வைக்கிற சாமான், நோயாளியின் சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஒப்புதல் ஆன சிகிச்சைக்கு அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட உங்களிடம் வாங்கக் கூடாது.

ஆனால் வாங்குவார்கள். எப்படி என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாரும் லஞ்சம் என்று சொல்லிக் கேட்பதில்லை. "டெபாசிட் கட்டுங்க, போகும்போது திருப்பித் தர்றோம்" என்பது ஒன்று. "கார்டுல வர்ற சாமான் சுமாரா இருக்கும், இம்போர்ட்டட் வச்சுக்கலாமே" என்பது இன்னொன்று, இதுதான் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் கூட இருக்கும் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் பணத்தை மிச்சம் பிடித்து அப்பாவைக் கொன்றுவிட்டோமோ என்ற பயத்தை உண்டாக்கிவிடும். இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலை வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் அன்றைக்கு 29,600 ரூபாய், அதற்குப் பிறகு விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். இம்போர்ட்டட் என்றாலும் அதே உச்ச விலைதான். முழங்கால் மூட்டுக்கும் அதே வருடம் ஆகஸ்டில் விலை கட்டினார்கள். எங்களிடம் கேட்ட 45,000 எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

எனவே கவுன்ட்டரில் சண்டை வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம், நோயாளி அவர்கள் கையில் இருக்கிறார். மூன்று வாக்கியம் போதும். "எதுக்குன்னு எழுதி ரசீது கொடுங்க." "ரொக்கம் இல்லைங்க, ஆஸ்பத்திரி அக்கவுன்ட்டுக்கு ஜிபே பண்றேன்." "கார்டுல இது வராதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க, ஆபீஸ்ல காட்டணும்." பாதிப் பேர் இந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுவார்கள். உங்களைப் பார்த்துப் பயந்து இல்லை. மாதாமாதம் வரும் காப்பீட்டு நோயாளிகளும் பட்டியலில் இருக்கும் பெயரும் போய்விடுமே என்ற பயம். பின்வாங்காமல் கட்டினால்தான் ஆச்சு என்றால் கட்டிவிடுங்கள், உயிர் முக்கியம், ஆனால் தடயம் விட்டுக் கட்டுங்கள். யாராவது ஊழியரின் சொந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னால் அந்த நம்பரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் தாமதமாக வருகிறது என்று சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர்கள் புலம்புவதை நானே கேட்டிருக்கிறேன், அதில் உண்மை இல்லாமல் இருக்காது. அந்தக் கணக்கை அவர்கள் அரசாங்கத்தோடு தீர்த்துக்கொள்ள வேண்டும், அக்காவின் செயினில் இல்லை.

புகாரை எங்கே கொடுப்பது? இங்கேதான் ஜனங்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி தவறான கதவைத் தட்டுகிறார்கள், அந்த ஆபீஸ் "இது எங்க வேலை இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது. என்ன தப்பு நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் கதவு.

அட்டை இருந்தும் பணம் வாங்கினார்கள், சேர்க்க மறுத்தார்கள், செய்யாத சிகிச்சைக்கு உங்கள் கைரேகையை வாங்கினார்கள் என்றால் அது காப்பீட்டுத் திட்டத்தின் விவகாரம். முதலில் அதே இலவச எண், புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அப்புறம் எழுத்தில் ஒன்று, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு சுகாதார சீரமைப்புத் திட்ட அலுவலகத்துக்கு. மெட்ரோவில் டிஎம்எஸ் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். இன்னொரு பிரதி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம், ஏனென்றால் இந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்குத் தலைவரே அவர்தான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது, அபராதம் போடுவது, பட்டியலிலிருந்து நீக்குவது எல்லாம் இந்த வழியில்தான் நடக்கும். எங்கள் 8,000 திரும்பி வந்தது இப்படித்தான். மூன்று வாரம் ஆனது, ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்து வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், குரலில் அப்படி ஒரு மரியாதை.

ஆஸ்பத்திரியின் நடத்தையே சரியில்லை, அதாவது பதிவுச் சான்று இல்லை, படித்த நர்ஸ் இல்லை, சுத்தம் இல்லை, லேபில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் யாரென்றே தெரியவில்லை என்றால் அது வேறு சட்டம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே வந்தது. ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். இருபத்தொரு வருடம், ஒரு பிள்ளை பிறந்து காலேஜ் முடித்திருக்கும். அந்த வருடம் செய்த திருத்தத்தில் அரசு மருத்துவமனைகளும் அதற்குள் வந்தன. மூலை கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை லேப், ஸ்கேன் சென்டர் வரை எல்லாம் பதிவு செய்ய வேண்டும், சான்று 5 வருடத்துக்குச் செல்லும், அதைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் ரிசப்ஷன் சுவரைப் பாருங்கள், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் பிரேம் போட்டு இருக்கும், காலாவதி தேதியைப் போனில் படம் பிடியுங்கள். இந்தப் புகார் போக வேண்டிய இடம் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம், அதுவும் அதே டிஎம்எஸ் வளாகம்தான், ஒரே பயணத்தில் இரண்டு மனுவையும் கொடுத்துவிட்டு வரலாம். ஆய்வுக்கு வரவும் பதிவை ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், தனியார் மருத்துவமனையின் பொதுவான கட்டணத்துக்கு இந்தச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. "ரொம்ப வாங்கிட்டாங்க" என்று மட்டும் அங்கே எழுதினால் ஒன்றும் நகராது.

ஏழைகளுக்குப் பார்க்கிற சின்ன கிளினிக்கைப் பிடித்துக் கொடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கி 2020-ல் இறந்துபோன திருவேங்கடம் மாதிரி ஆட்கள் இருந்த ஊர் இது, அவர் கிளினிக்கில் வரிசையில் நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அதே ஏரியாவில் ஊசி போட்டே பிழைக்கிற போலி டாக்டர்களும் உண்டு. மருந்துச் சீட்டில் பதிவு எண் போடுவது டாக்டரின் கடமை. அந்த எண்ணையோ பெயரையோ தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அலோபதி டாக்டராக இருந்தும் பெயர் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

டாக்டர் தப்பாகச் சிகிச்சை செய்தார், அலட்சியமாக இருந்தார், கையெழுத்து வாங்காமல் அறுத்தார் என்றால் அரும்பாக்கத்தில் இருக்கும் அந்த மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். அது டாக்டர் என்ற தனி ஆள் மேல் எடுக்கும் நடவடிக்கை, உங்களுக்கு அங்கே பணம் கிடைக்காது.

பணமாக நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். "கார்டுல இலவசமா பார்த்துட்டு கேஸ் வேற போடுவீங்களா" என்று மிரட்டுவார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றிருக்கும் மருத்துவமனைதான் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான். உங்களுக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினாலும் அப்படியே. கார்டில் பார்த்தார்கள் என்றால் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள், தர்மத்துக்குப் பார்க்கவில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மனு எழுதும்போது கண்ணீர்க் கதை வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்கள் "சமூகம் ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து அரைப் பக்கம் நிரப்புவார்கள், படிக்கிறவர் அதைத் தாண்டி விஷயத்துக்கு வருவதற்குள் அடுத்த மனு வந்துவிடும். நான் எழுதியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்: "என் மாமாவின் காப்பீட்டு அட்டை எண் இது. இந்தத் தேதியில் இந்த மருத்துவமனையில் சேர்த்தோம். இந்தச் சிகிச்சைக்கு இந்தத் தேதியில் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு மறுநாள் மருந்துக்கு என்று 8,000 ரூபாய் வாங்கினார்கள், ஜிபே நகல் இணைப்பு 1. ரசீது தரவில்லை. ரொக்கமாக 6,000 வாங்கினார்கள், ஆதாரம் இல்லை. இரண்டு தொகையையும் திருப்பித் தரவும் விசாரிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்." ஆதாரம் இல்லாததை இல்லை என்றே எழுதிவிடுங்கள், மற்றதை நம்புவார்கள். பிரதியில் முத்திரை வாங்காமல் ஆபீஸை விட்டு வெளியே வராதீர்கள்.

பதில் வரவில்லையா? 1100-க்குக் கூப்பிட்டு "முதல்வரின் முகவரி" என்ற அரசுப் புகார்ப் பிரிவில் பதியுங்கள், அது மேலிருந்து கீழே வரும். இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தத் திட்டத்தை நடத்திய யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் அரசு நிறுவனம், தலைமை அலுவலகமே நம்ம ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில். அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செல்லும். 10 ரூபாய் கட்டி, "இந்த நோயாளிக்காக மருத்துவமனை எவ்வளவு தொகை கேட்டது, எந்தெந்த வகைக்கு" என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். நீங்கள் கைக்காசு போட்டு வாங்கிய மருந்தையே ஆஸ்பத்திரி அங்கேயும் கணக்கில் காட்டியிருந்தால் அதற்கப்புறம் அவர்கள் பேச்சே மாறிவிடும்.

இரண்டு அவசர விஷயம் பாக்கி. சாலை விபத்து என்றால் அட்டையே வேண்டாம். 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரரானாலும் சரி. 1 லட்சமாக இருந்த வரம்பு பிறகு 2 லட்சமானது. பட்டியலில் தனியார் மருத்துவமனைகளும் உண்டு, 108-ல் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள். மற்றபடி எந்த அவசரத்திலும் முதலுதவி செய்யாமல் "பணம் கட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப அரசு, தனியார் யாருக்கும் உரிமை இல்லை, 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே போல பில் பாக்கிக்காக இறந்தவர் உடலைத் தர மறுப்பதும் கூடாது, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் சாசனம் எல்லாம் பேச வேண்டாம், 100-க்குப் போன் போட்டு உடலைத் தர மறுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்காதீர்கள். முழு கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்பு மொத்தமும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002 விதி, 3 வருடம் அதைப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். எங்களுக்கு நாலாவது நாள் கிடைத்தது. ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கர் அதற்குள் ஒட்டியிருந்தது, கம்பெனி பெயர், விலை, எல்லாம். அக்கா அதை மாமாவின் மாத்திரை டப்பாவோடு மஞ்சப்பையில் போட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.